கதிருக்குத் துணை 43 டிகிரி: ஒரகடம் கையில் எடுக்க வேண்டிய கருவி

ரத்த தானம் முடிந்ததும் பணியாளர் பையின் குழாயை ஒரு சின்னக் கருவியின் இடுக்கில் வைத்து அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். நெருப்பும் இல்லை, பழுக்கக் காய்ச்சிய இரும்பும் இல்லை. ஓரிரு நொடியில் குழாய் உருகி ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கருவிகளில் பல 40.68 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. விநாடிக்கு நாலு கோடி முறைக்கு மேல் முன்னும் பின்னும் ஆடும் மின்புலம் பிளாஸ்டிக்குக்குள் பாய்கிறது. அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க முயன்று மூலக்கூறுகள் உள்ளிருந்தே சூடாகின்றன. ரேடியோ அலையால் சூடேற்றுவது என்பது இவ்வளவுதான்.

இதே வித்தையை மனித உடலுக்குள், ஒரு புற்றுநோய்க் கட்டியின் மீது, 40 முதல் 43 டிகிரி செல்சியஸுக்குள் கட்டுப்படுத்தி, ஒரு மணி நேரம் நிகழ்த்தினால் என்ன ஆகும்? கட்டி அதனால் மட்டும் கரைந்துவிடாது. ஆனால் கூடவே கொடுக்கப்படும் கதிர்வீச்சும் கீமோவும் அந்தக் கட்டியை இன்னும் ஆழமாகத் தாக்கும். மருத்துவர்கள் இதை ஹைப்பர்தெர்மியா என்கிறார்கள். ஜப்பானிலும் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இது பல பத்தாண்டுகளாக மருத்துவமனைக்குள் இருக்கிறது. இந்தியாவில் சில இடங்களில் மட்டும், சில மருத்துவர்களின் பிடிவாதத்தால் உயிரோடிருக்கிறது. அந்தக் கருவியைச் செய்யத் தேவையான கைத்திறன் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் குவிந்து கிடக்கிறது என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கட்டிக்குள் சூடு என்ன செய்கிறது?

கட்டி அவசர அவசரமாக வளர்வது. அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை. கோணலும் முட்டுச்சந்துமாக இருப்பவை. அதனால் கட்டியின் சில பகுதிகளுக்கு ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது. இங்கேதான் கதிர் சிகிச்சைக்குச் சிக்கல். நம் ஊரில் நோயாளிகள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் அந்தச் சிகிச்சை, செல்லின் டி.என்.ஏ.வை உடைத்து அந்த உடைவை நிரந்தரமாக்க ஆக்சிஜனை நம்பியிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். அவ்வளவு கதிரைச் சுற்றியுள்ள நல்ல திசு தாங்காது.

சூடு இந்த முடிச்சைப் பல பக்கங்களிலிருந்து அவிழ்க்கிறது. 40 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் ரத்த ஓட்டம் கூடுகிறது, ஆக்சிஜனும் சேர்ந்து வருகிறது. ஆக்சிஜன் இல்லாமல் அமிலத்தில் ஊறிக் கிடக்கும் செல்கள் கதிருக்கு அடங்காதவை. ஆனால் சூட்டுக்கு அவைதான் முதலில் விழும். டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் உள்ள செல்களின் கதையும் அதுவே. 2011-ல் ரோட்டர்டாம் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். 41, 42 டிகிரி சூட்டில், டி.என்.ஏ. உடைவைச் சரிசெய்யும் பி.ஆர்.சி.ஏ.2 என்ற புரதம் சிதைகிறது. கதிர் உடைத்துவிட்டுப் போனதைக் கட்டி உட்கார்ந்து ஒட்டவைக்க முடியாமல் போகிறது.

உடல் சூட்டுக்குப் பழகிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு முறை சூடு பட்ட செல்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் சுரந்து, அடுத்த இரண்டு மூன்று நாளைக்குக் கவசம் போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் கதிர் தினமும் கொடுக்கப்பட்டாலும், சூடு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறைதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

நம்பிக்கையை விட எண்களே இங்கே முக்கியம். புற்றுநோய் என்றாலே ‘அதிசய சிகிச்சை’ விற்பவர்கள் வாசலில் வந்து நிற்கும் நாடு இது.

நெதர்லாந்தில் 1990-லிருந்து 1996 வரை, சிறுநீர்ப்பை, கருப்பை வாய், மலக்குடல் ஆகிய இடங்களில் முற்றிய புற்று கொண்ட 358 பேரை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்குக் கதிர் மட்டும். இன்னொரு பிரிவுக்குக் கதிரும் சூடும். 2000-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. கட்டி முழுதாக மறைந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம், சூடும் சேர்ந்தவர்களில் 55 சதவீதம். கருப்பை வாய்ப் புற்று கொண்டவர்களைத் தனியே பார்த்தபோது வித்தியாசம் இன்னும் பெரிது: 57-க்கு 83. மூன்று ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 27 சதவீதத்துக்கு எதிரே 51 சதவீதம்.

இந்தியக் கணக்கும் உண்டு. மும்பை நானாவதி மருத்துவமனையில் டாக்டர் நாகராஜ் ஹுயில்கோல் குழுவினர், தலை, கழுத்துப் பகுதியில் முற்றிய புற்று கொண்ட 56 பேரை வைத்து இதே சோதனையைச் செய்து 2010-ல் வெளியிட்டார்கள். கருவி 8.2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் தெர்மோட்ரான். கட்டி முழுதாக மறைந்தவர்கள் கதிர் மட்டும் என்றால் 42.4 சதவீதம்; சூடும் சேர்ந்தால் 78.6. உயிர் வாழ்ந்த காலத்தின் இடைமதிப்பு 145 நாளிலிருந்து 241 நாளாயிற்று. 56 பேர் என்பது சின்ன எண்தான். ஆனால் லக்னோவிலும் சுவிட்சர்லாந்தின் ஆராவிலும் பணிபுரிந்த டாக்டர் நிலோய் ரஞ்சன் தத்தா, இதே வகைப் புற்றுக்கான ஆறு ஆய்வுகளை, 451 நோயாளிகளை, 2016-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் கணக்கு அதே பக்கமே சாய்ந்தது: கட்டி முழுதாக மறைந்தவர்கள் 39.6 சதவீதத்துக்கு எதிரே 62.5. வெற்றிலை, புகையிலை, பான்மசாலாவால் வாயும் தொண்டையும் புற்றுக்கு இரையாகும் நாட்டில் இந்த எண்களைத் தாண்டிப் போய்விட முடியாது.

எதிர்க் கணக்கையும் மறைக்கக் கூடாது. சர்வதேச அணுசக்தி முகமையின் பேரில் பல நாடுகளில் நடந்து, வசந்தன் முதலியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கருப்பை வாய்ப் புற்று கொண்ட 110 பேரிடம் சூட்டால் பலன் தெரியவில்லை. 2பி நிலையில் இருந்தவர்களுக்குச் சூடு சேர்த்த பிரிவில் உயிர் வாழ்வு குறைந்தே இருந்தது. 1980-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றும் ஏமாற்றத்தில் முடிந்தது. கட்டிக்குள் சூடு போதுமான அளவு ஏறவே இல்லை என்பது பிறகு தெளிவானது. ஹைப்பர்தெர்மியாவின் வரலாறு முழுக்க இந்த ஒரு பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சூடு போய்ச் சேர்ந்த இடத்தில் பலன் இருந்தது. சேரவில்லை, அளக்கவில்லை என்ற இடத்தில் எதையும் சொல்ல முடியவில்லை. மருந்தென்றால் இத்தனை மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். இங்கே மருந்தின் அளவே கருவியின் தரத்தைப் பொறுத்தது. ஆக, இது பாதி மருத்துவம், பாதி பொறியியல்.

மேஜைக்கு அருகில்

கருவியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நோயாளி படுத்திருக்கிறார். உடலுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே தண்ணீர் நிரம்பிய ஒரு மெல்லிய பை. தாதுக்கள் நீக்கிய தண்ணீர் அதற்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பைக்கு இரண்டு வேலை. ரேடியோ அலை காற்றில் சிதறாமல் உடலுக்குள் இறங்க வழி கொடுப்பது ஒன்று. மேல்தோல் வெந்துவிடாமல் குளிர்விப்பது இன்னொன்று. பைக்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டால் போதும், அந்த இடத்தில் அலை தடுமாறும், தோலில் சூடு ஒரே புள்ளியில் குவியும். அதனால் சிகிச்சை தொடங்குமுன் பையைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டுவது வழக்கமான வேலைகளில் ஒன்று.

வெப்பத்தை அளக்க உலோகக் கம்பி ஆகாது. கம்பியே அலையை உறிஞ்சிப் பொய்யான எண்ணைக் காட்டும். அதனால் கண்ணாடி இழை உணரிகளை மெல்லிய குழாய் வழியாகக் கட்டிக்குள்ளோ அதன் பக்கத்திலோ வைக்கிறார்கள். திரையில் ஒவ்வொரு புள்ளியின் வெப்பமும் ஏறுகிறது: 38, 39.5, 41. ‘சுடுது’ என்று நோயாளி ஓரிடத்தைக் காட்டினால், இயக்குபவர் அந்தப் பக்க ஆன்டெனாவின் விசையைக் குறைத்து மற்றவற்றைச் சரிசெய்கிறார். நோயாளியின் வாய்ச்சொல்லும் அங்கே ஓர் உணரி.

கொழுப்பு ஒரு தனித் தொல்லை. ஜப்பானியர்களின் 8 மெகாஹெர்ட்ஸ் கருவியில் உடலின் இரு பக்கமும் இரண்டு தகடுகள் இருக்கும்; அலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். ஆழமாகப் போகும், ஆனால் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் தடித்தவர்களுக்கு அந்தப் படலமே முதலில் சூடாகிவிடும். மெலிந்த உடல்வாகுக்குத்தான் இது ஏற்றது. அமெரிக்க, ஐரோப்பியக் கருவிகள் வேறு வழி பிடித்தன. 70, 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளைப் பல ஆன்டெனாக்களால் உடலைச் சுற்றி வளையமாக அனுப்பி, நடுவில் ஓரிடத்தில் குவிக்கின்றன. தேர் வடத்தைப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலுக்கு ஒன்றாக இழுத்தால் நகரும். ஒவ்வொரு ஆன்டெனாவின் அலையும் கட்டி இருக்கும் புள்ளிக்கு ஒரே தாளத்தில் வந்து சேரும்படி நேரத்தை நுணுக்கமாக மாற்றுவதுதான் இதன் உயிர்நாடி.

கைபேசிக் கோபுரத்தில் இன்று நடப்பதும் இதே கணக்கு. ஒரு 5ஜி ‘மாசிவ் மைமோ’ ஆன்டெனாவுக்குள் 64 சின்ன அனுப்பிகள் வரை இருக்கும். அவற்றின் தாளத்தை மாற்றித்தான் அலைக்கற்றையை ஒரு கைபேசியை நோக்கித் திருப்புகிறார்கள். நோக்கியா தன் சென்னை ஆலையில் 5ஜி ரேடியோக் கருவிகளின் உற்பத்தியை 2018-லேயே தொடங்கிவிட்டது.

வட்டாரத்தின் கை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உருட்டத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை 2006-ல் வந்தது, 2014-ல் மூடியது. அங்கே வேலை பார்த்த பெண்களின் விரல்களில் சர்க்யூட் போர்டின் நுணுக்கம் தங்கிவிட்டது. சாம்சங், ஃபாக்ஸ்கான், ஃப்ளெக்ஸ் என்று அந்தத் திறமைக்கு வேலை தொடர்ந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. பற்சக்கரத்தையும் தண்டையும் மின்காந்தச் சுருளுக்குள் நிறுத்தி, சில நொடியில் பழுக்கவைத்து, உடனே குளிர்வித்து, மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது வாகன உதிரிபாகத் தொழிலுக்கு அன்றாட வேலை. எவ்வளவு ஆழத்துக்குச் சூடு இறங்க வேண்டும் என்பதை அதிர்வெண்ணால் தீர்மானிக்கத் தெரிந்த ஷிப்ட் பொறியாளர்கள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இரும்பும் மனிதச் சதையும் ஒன்றல்லதான். ஆனால் சூட்டை வேண்டிய ஆழத்தில் நிறுத்தும் பழக்கம் அரிதானது, அது இங்கே இருக்கிறது.

கருவியைப் பிரித்துப் போட்டால் என்ன கிடைக்கும்? ரேடியோ அலைப் பெருக்கி, ஆன்டெனா, தண்ணீரைக் குளிரவைத்துச் சுழற்றும் பம்ப், சிலிக்கான் பை, உணரி, மென்பொருள், வாகன இருக்கையைப் போல அசையும் ஒரு மேஜை. இதில் கண்ணாடி இழை உணரியைத் தவிர வேறெதுவும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மருத்துவக் கருவிகளும் புதிதல்ல; ட்ரிவிட்ரான் நிறுவனம் ஜப்பானின் அலோகாவுடன் சேர்ந்து இங்கேதான் அல்ட்ராசவுண்ட் கருவிகளைத் தயாரித்தது.

மத்திய அரசு 2021-ல் நான்கு மாநிலங்களுக்கு மருத்துவக் கருவிப் பூங்கா ஒதுக்கியது: இமாச்சலம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு. பொது வசதிகளுக்காக மாநிலத்துக்கு 100 கோடி ரூபாய் வரை உதவி. தமிழ்நாட்டின் பூங்காவுக்கு ஒரகடத்தில் சுமார் 350 ஏக்கர். அந்தத் திட்டத்தின் பொது வசதிப் பட்டியலில் சர்க்யூட் போர்டு, உணரிச் சோதனை மையமும், மின்காந்தக் குறுக்கீட்டைச் சோதிக்கும் மையமும் இருக்கின்றன. ஹைப்பர்தெர்மியா கருவி செய்ய நினைக்கும் ஒரு சிறு நிறுவனம் சொந்தமாக வாங்க முடியாமல் திணறுவது சரியாக இந்த இரண்டுக்கும்தான். பூங்கா என்றதும் ஊசி, கையுறை, சக்கர நாற்காலி என்று நிரப்பிவிடுவது சுலபம். அவையும் தேவைதான். ஆனால் ரேடியோ அலையில் பழுத்த ஒரு தொழில் வட்டாரம், தனக்கு மட்டுமே கைகூடும் ஒன்றை விட்டுவிட்டு எல்லோரும் செய்வதைச் செய்தால் அது பெரிய இழப்பு.

அறிவுக்கும் தூரம் போக வேண்டியதில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் என்ஜினியரிங் டிசைன் துறையில் பேராசிரியர் கவிதா அருணாசலம் குழுவினர் 434 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாக்களையும், அவற்றுக்கான தண்ணீர்ப் பைகளையும், அலையைக் குவிக்கும் கணக்கையும் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அதற்கு முன் அவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மார்புச் சுவரில் பரவிய புற்றுக்கு உடுப்பு மாதிரி அணிவிக்கக்கூடிய ஆன்டெனா அமைப்பில் வேலை செய்தவர். அதே டியூக்கிலிருந்து 2005-ல் வந்த ஆய்வு ஒன்று, மேலோட்டமான கட்டிகளில், குறிப்பாக முன்பே கதிர் வாங்கியவர்களில், சூட்டின் பலனைத் தெளிவாகக் காட்டியது. அவர்களில் கதிர் மட்டும் மறுபடி பெற்றவர்களுக்கு 23.5 சதவீதம் முழுப் பலன். சூடும் சேர்ந்தவர்களுக்கு 68.2. மார்பகத்தை எடுத்து, கதிரும் வாங்கி, இரண்டு வருடம் கழித்து அதே தழும்பின் மேல் மறுபடி முடிச்சு முடிச்சாக வந்து நிற்கும் பெண்ணுக்கு மேற்கொண்டு கதிர் அதிகம் கொடுக்க முடியாது. குறைந்த கதிரைக் கூர்மையாக்கும் எதுவும் அவருக்குப் பெரிய உதவி.

இன்னொரு கூட்டமும் உண்டு. கருப்பை வாய்ப் புற்று முற்றி, சிறுநீர்க் குழாயை அடைத்து, சிறுநீரகம் தளர்ந்த நிலையில் வரும் பெண்கள். கதிரோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்பதே இன்றைய நடைமுறை. அந்த மருந்து சிறுநீரகத்தைச் சுடும். இவர்களில் பலருக்குக் கொடுக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், எச்.ஐ.வி. உள்ள பெண்களையும் சேர்த்து 210 பேரிடம் 13.56 மெகாஹெர்ட்ஸ் சூட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2019-ல் வந்த அந்த முடிவில், ஆறு மாதம் கழித்து இடுப்பில் நோய் அடங்கியிருந்தவர்கள், சூடு சேராத பிரிவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வசதி குறைந்த அரசு மருத்துவமனையில் நடந்த ஆய்வு அது. நம் நிலைமைக்கு ஐரோப்பாவை விட ஜோகன்னஸ்பர்க் பக்கம்.

தவறான சூடு

சில எச்சரிக்கைகளை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, சூடு மட்டும் புற்றுநோய்க்கு மருந்தல்ல. அறுவை, கதிர், கீமோ எதையும் நிறுத்திவிட்டு வரச் சொல்லும் இடத்துக்குள் கால் வைக்காதீர்கள். இரண்டாவது, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் பிசியோதெரபியில் வைக்கும் டயதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைதான் என்றாலும், கட்டி உள்ள இடத்தில் அதை வைக்கவே கூடாது. வெப்பத்தைக் கட்டிக்குள் அளக்கவோ குவிக்கவோ அதனால் முடியாது. வீட்டு ஒத்தடத்துக்கும் இதே பதில். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்த ரேடியோ அலைகள் எதுவும் ஆகாது.

மூன்றாவது, ‘ஆர்.எஃப்.ஏ.’ என்று பெரிய மருத்துவமனைகளில் சொல்வது வேறு. அது ஊசியைக் கட்டிக்குள் செருகி, 60 டிகிரிக்கு மேல் சூடேற்றித் திசுவைச் சுட்டே கொல்வது. கல்லீரலில் 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிகளுக்கு நல்ல பலன் தரும் தனிச் சிகிச்சை அது. இரண்டுக்கும் ரேடியோ அலைதான் மூலம். பயன் வேறு, நோயாளி வேறு.

கருவி செய்பவர்களுக்கும் ஒன்று. கார் கதவில் பூச்சு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். இங்கே பம்ப் நின்று தண்ணீர் சுற்றாவிட்டால் நோயாளியின் தோல் வெந்துபோகும். பம்ப் நின்ற அந்தக் கணமே அலை நிற்க வேண்டும். உணரி கழன்றாலும் நிற்க வேண்டும். மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60601 தரமும், 2017-ன் மருத்துவக் கருவி விதிகளும் கேட்பது இதைத்தான். கதிர்க் கருவியைப் போல ஒரு மீட்டருக்கு மேல் கான்கிரீட் சுவர் இதற்குத் தேவையில்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல். அலை வெளியே கசியாத உலோகத் தடுப்பு அறை போதும்.

முதல் கருவி எங்கே?

1969 பிப்ரவரி 3 அன்று அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றால் மறைந்தார். அவர் பிறந்த காஞ்சிபுரத்தில், காரப்பேட்டையில் அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வந்துவிடும். வடமாவட்டங்களின் நெசவாளர்களும் விவசாயக் கூலிகளும், இந்த ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களும் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஒரகடத்தில் செய்யும் முதல் கருவி சென்னையின் நட்சத்திர மருத்துவமனைக்கு அல்ல, இங்கேதான் போக வேண்டும் என்பது என் கருத்து. காரணம் இரக்கம் மட்டுமல்ல. கருவி செய்யும் பொறியாளர் காலையில் ஆலையில் ஒரு மாற்றம் செய்து மதியம் வார்டில் அதைப் பார்த்துவிடலாம். ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்த கருவி பழுதானால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் மாதங்கள் இங்கே இருக்காது. தொடக்கத்தில் ஆழமான கட்டிகளைத் தொட வேண்டாம். மார்புச் சுவரில் திரும்பி வந்த புற்று, கழுத்தில் திரண்ட நெறிகட்டிகள் என்று கைக்கு எட்டும் இடங்களில், 434 மெகாஹெர்ட்ஸில், மருத்துவ அறநெறிக் குழுவின் அனுமதியோடு, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் ஆய்வாகத் தொடங்கலாம். ஒவ்வொரு அமர்விலும் கட்டிக்குள் ஏறிய வெப்பம் நிமிடத்துக்கு நிமிடம் பதிவாக வேண்டும். முடிவு எதுவானாலும் அச்சில் வர வேண்டும்.

இதற்குத் தேவை ஒரு மருத்துவக் கருவி நிறுவனம், ஒரு ஐ.ஐ.டி. ஆய்வகம், ஒரு அரசு மருத்துவமனை, மூன்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரும் ஓர் அதிகாரி. அதிர்வெண்ணின் வேலை தெரிந்த மருத்துவ இயற்பியலாளர்களையும், தண்ணீர்ப் பையில் குமிழி தேடும் பொறுமையுள்ள தொழில்நுட்பப் பணியாளர்களையும் இப்போதே பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கினால்தான், கருவி வரும் நாளில் அதை இயக்க ஆள் இருக்கும்.